மின்னூலகமும் வாசகர் வாயிலும்

தமிழ் மின்னூலகங்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் நூல்களின் எண்ணிக்கை, எழுத்துருக் குறியாக்கம், தேடல் வசதி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. பாடத்தில் பிழை கண்ட வாசகர் அதனை யாருக்கு, எவ்வாறு தெரிவிப்பது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மூலபாட ஆய்வில் ஈடுபட்டோர்க்கு இது சிறு வினா அன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பு, ஏடுகளின் துணையால் மட்டுமன்றிக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தவற்றாலும் உருப்பெற்றது.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. அதன் மின்பதிப்புகள் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களோடு திட்டத்தின் தொடர்பு விவரத்தையும் தாங்கி வருகின்றன. கோப்பினை எவரும் பரப்பலாம். தலைப்பக்கத்தை மட்டும் நீக்கலாகாது. இந்நிபந்தனையை வெறும் உரிமை அறிவிப்பாகக் கொள்ளுதல் போதாது. படி எங்குச் சென்றாலும் முகவரியும் உடன்செல்கிறது என்பதே இதன் சிறப்பு. எனினும், தலைப்பக்கக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கோப்பு இறுதியாகத் திருத்தப்பட்ட நாள் தரப்படுகிறது. திருத்தப்பட்டது எது என்பதோ கூறப்படுவதில்லை. பாடவேறுபாட்டை ஆராய்வோர்க்கு நாளைக் காட்டிலும் திருத்தமே இன்றியமையாதது.

வேறொரு தளத்தில் எம் மாணவி ஒருவர் பெற்ற அனுபவம் வேறு வகையினது. புறநானூற்றுப் பாடலொன்றில் 'மறம்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'மரம்' என்றிருந்தது. தொடர்புப் பக்கத்தைக் கண்டடையவே அவர் நெடுநேரம் அலைந்தார். கண்டபின், தொலைபேசி எண்ணும் நிறுவனப் பெயரும் தந்தாலன்றிப் படிவம் ஏற்கப்படவில்லை. (பிழையைச் சுட்டுவதற்குத் தொலைபேசி எண் எதற்கு?) தமிழில் எழுதியனுப்பிய செய்தி, ஒப்புகை மடலில் வினாக்குறிகளின் வரிசையாகத் திரும்பி வந்தது. பின்னர் ஆங்கில எழுத்துகளில் எழுத முயன்றார். அவ்வெழுத்துகளில் இரு சொற்களும் ஒன்றே. எதனை எதுவாகத் திருத்துவது என்று எவ்வாறு புரியவைப்பது?

தமிழ் நூல்களைத் தரும் தளம் தமிழில் எழுதப்பட்ட மடலை வாசிக்க இயலாததாய் இருத்தல் தொழில்நுட்பக் குறையன்று; வாசகர் எழுதுவார் என எதிர்பாராமையே ஆகும். ஒவ்வொரு பாடலின் கீழும் தொடர்பு இணைப்பொன்றை வைத்து, பாடல் எண் தானே மடலில் இடம்பெறச் செய்தல் அரிய செயலன்று. அம்மாணவிக்கு மறுமொழி வரவில்லை. தம் கட்டுரையில் அவர் அச்சுப் பதிப்பையே மேற்கோளாகக் கொண்டார்.