யார் வீட்டுக் கணக்கு? – எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வழக்கை மறுபடி வாசித்தல்

1951இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ தன்னிடம் வீடு கட்டச் சொன்ன மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்தின் மீது வழக்குத் தொடுத்தார். தனக்கு வர வேண்டிய கட்டணம், கட்டுமானத்துக்காகத் தான் கையிலிருந்து போட்ட பணம் எல்லாம் சேர்த்து 28,173 டாலர் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. எடித் எதிர்வழக்குப் போட்டார். 40,000 டாலருக்குள் வீட்டை முடித்துத் தருவதாகத்தான் பேச்சு, ஆனால் தன்னிடமிருந்து போனது 73,872 டாலர், கூடுதலாகப் போன 33,872 டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்றார்.

வீடு கட்டிய எவருக்கும் இந்தத் தகராறு புதிதல்ல. ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று நம் ஊரில் சவாலாகச் சொல்வதே மதிப்பீட்டுக்கும் கடைசிக் கணக்குக்கும் இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தை மனதில் வைத்துத்தான். ஆனால் எடித்தின் வழக்கு கட்டடக்கலை வரலாற்றுக்குள் நுழைந்தபோது அது பணத்தைப் பற்றிய வழக்காக இருக்கவில்லை. மணமாகாத, நாற்பதை எட்டிய பெண் ஒருத்தி பெரிய கலைஞரிடம் மனதைப் பறிகொடுத்தாள், வீடு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை, ஆத்திரத்தில் கோர்ட்டுக்குப் போனாள் என்று அது மாறியது. பல பத்தாண்டுகளாக இந்த வீட்டின் கதை இப்படித்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. முதலில் கோர்ட்டுக்குப் போனவர் மீஸ் என்ற எளிய உண்மைகூட இந்தக் கதையில் காணாமல் போகிறது.

கணக்குக் கேட்ட ஒரு பெண்ணின் கேள்வியை வரலாற்றெழுத்து எப்படி மனக்கோளாறாக மாற்றியது என்பதைப் பார்க்க இந்த வழக்கைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எடித் 1903இல் பிறந்தவர். இத்தாலியில் வயலின் பயின்று, பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, சிகாகோவில் சிறுநீரக நோய்களில் ஆய்வும் சிகிச்சையும் செய்துவந்தவர். 1945இல் ஒரு விருந்தில் மீஸைச் சந்தித்தார். அப்போது ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், பிளானோ என்ற சிற்றூரையொட்டி, வார இறுதிகளில் போய்த் தங்க ஒரு வீடு கட்டும் எண்ணம் அவருக்கு இருந்தது. மீஸ் வரைந்தது எட்டு எஃகுத் தூண்களில் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிக் கூடம். நாற்புறமும் சுவருக்குப் பதில் கண்ணாடி. நடுவில் மரப்பலகையால் மூடிய ஒரு பகுதிக்குள் குளியலறைகள், அதன் ஒரு பக்கம் சமையல் மேடை, மறுபக்கம் கணப்பு. உள்ளே வேறு அறை கிடையாது. கட்டுமானம் தொடங்கும் முன்பே, 1947இல், அதன் மாதிரி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மீஸின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அஸ்திவாரத்துக்கு ஒரு கூடை மண் அள்ளும் முன்னரே அந்த வீடு உலகப் புகழ் பெறத் தொடங்கிவிட்டது. புகழ் மீஸுக்குப் போனது, செலவு எடித்தின் பெயரில் வரவிருந்தது.

எடித்தை விவரம் தெரியாமல் ஏமாந்தவர் என்று சொல்லவும் முடியாது. தான் கட்டுவது வெறும் ஓய்வு வீடல்ல, புதிய கட்டடக்கலையின் முன்மாதிரி என்று அவர் நம்பினார். அதில் பங்குகொள்ள விரும்பினார். 1949இல் வேலை தொடங்கியபோதே மதிப்பீடு முதலில் பேசிய தொகையைத் தாண்டியிருந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டபின் கட்டுமானப் பொருள்களின் விலை ஏறியது. வரும் பில்களுக்கு எடித் பணம் கட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்.

இந்தத் தகராறின் வேர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இருவருக்குமிடையில் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை. கட்டணம் எவ்வளவு, எதற்கு, எப்போது என்பது எங்கும் தாளில் ஏறவில்லை. இரண்டாவது, அதிகம் பேசப்படாதது: மீஸின் அலுவலகமே ஒப்பந்தக்காரரின் வேலையையும் செய்தது. வழக்கமாக வரைபடம் போடுபவர் ஒருவர், கட்டித் தருபவர் இன்னொருவர். கட்டுபவரின் பில்லை வரைந்தவர் வீட்டுக்காரரின் சார்பில் சரிபார்ப்பார். கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு இந்தக் கண்காணிப்புக்குத்தான். இங்கே வடிவமைத்தவர், ஆள் வைத்துக் கட்டியவர், பில்லை நியாயம் என்று சொல்ல வேண்டியவர் மூவரும் ஒருவரே. வீட்டுக்காரரின் பக்கம் நின்று கணக்குப் பார்க்க யாருமில்லை. இந்த அமைப்பில் செலவு கூடுவதற்கு எவருடைய வஞ்சகமும் தேவையில்லை. காதலும் தேவையில்லை.

1952இல் யார்க்வில் நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. சாட்சியப் பதிவு ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நீண்டது. விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதித்துறை அதிகாரி 1953இல் மீஸுக்குச் சாதகமாக முடிவு சொன்னார். மேலும் இழுபறிக்குப் பிறகு எடித் 2,500 டாலர் கொடுப்பதென்ற சமரசத்தில் வழக்கு முடிந்தது. சட்டப்படி எடித்தின் வாதம் எடுபடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேட்டது 28,173, கைக்கு வந்தது 2,500 என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இது வெற்றி தோல்வி என்று எளிதில் பிரிக்க முடியாத, இரு தரப்பும் களைத்துப் போய் முடித்துக்கொண்ட வழக்கு.

இனி இந்த வழக்கை எழுதியவர்களிடம் வருவோம். மீஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃப்ரான்ஸ் ஷூல்ஸ, 1985இல் வெளியான தன் நூலில் எடித்தை அறிமுகப்படுத்தும்போது அவருடைய உயரத்தையும் நடையையும் முகவாகையும் பற்றிப் பேசுகிறார், அழகில்லை என்று மதிப்பெண் போடும் தொனியில். ஒரு கட்டணத் தகராறைப் புரிந்துகொள்ள இதெல்லாம் எதற்கு? பெண் அழகில்லாதவள் என்றால் ஆண் அவளை விரும்பியிருக்க மாட்டான், அவள் ஏங்கியிருப்பாள், ஏக்கம் கசந்து வழக்காகியிருக்கும் என்று வாசகரே முடித்துக்கொள்ள அந்த வர்ணனை வழி அமைத்துக் கொடுக்கிறது. இருவருக்கும் இடையில் நட்புக்கு மேல் என்ன இருந்தது என்பது இன்றுவரை நிறுவப்படாத விஷயம். இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அது 33,872 டாலர் எங்கே போனது என்ற கேள்விக்கு விடையாகாது.

இந்த வாசிப்பின் ஓரவஞ்சனை ஒரு சின்னச் சோதனையில் வெளிப்படும். மீஸ் ஜெர்மனியில் மனைவியையும் மூன்று மகள்களையும் பிரிந்து வாழ்ந்தவர். ‘குடும்பத்தைப் பிரிந்த கசப்பில்தான் கட்டணம் கேட்டு வழக்குப் போட்டார்’ என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? அவர் கேட்டது தொழிலுக்குரிய கூலி. எடித் கேட்டது மட்டும் உணர்ச்சி.

எடித்தின் குரலை இன்னொரு பக்கமும் எடுத்துக்கொண்டது. 1953 ஏப்ரலில் ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்’ இதழின் ஆசிரியர் எலிசபெத் கார்டன், மீஸ் போன்றவர்களின் நவீனக் கட்டடக்கலை அமெரிக்க வாழ்க்கை முறைக்கே அச்சுறுத்தல் என்று எழுதினார். பனிப்போர்க் காலம் அது. ஆடம்பரமில்லாத வீடு சர்வாதிகாரத்துக்கு முன்னோட்டம் என்கிற அளவுக்கு வாதம் போனது. அடுத்த மாத இதழில் எடித்தின் பேட்டி அந்த வாதத்துக்குச் சாட்சியமாக வந்தது. முதலில் சொன்னவர்களுக்கு அவர் கைவிடப்பட்ட காதலி. இவர்களுக்கு அவர் அந்நியச் சித்தாந்தத்திடம் ஏமாந்த அமெரிக்கப் பெண். பெண்ணே ஆசிரியராக இருந்த பத்திரிகையிலும் அவருடைய புகார் வேறொரு சண்டைக்கு ஆயுதமானதுதான் மிச்சம்.

அந்தப் புகார்களைத் தனியே எடுத்து வாசித்தால் அவை மிகவும் துல்லியமானவை. குளிர்காலத்தில் கண்ணாடியில் ஈரம் படிந்து வழிகிறது. கோடையில் வெயில் நேராக உள்ளே இறங்குகிறது, திறக்கக்கூடியதோ கதவும் கிழக்குப் பக்கம் இரண்டு சிறு சன்னல்களும்தான். இரவில் விளக்கேற்றினால் ஆற்றங்கரைப் பூச்சிகள் அத்தனையும் வந்து மொய்க்கின்றன. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குப்பைத் தொட்டி வைக்க முடியவில்லை, சாலையிலிருந்து பார்த்தால் சமையல் மேடை முழுவதும் தெரிகிறது. துணி அலமாரி கேட்டதற்கே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. வார இறுதி வீட்டுக்கு ஒரு உடை போதும், அதைக் குளியலறைக் கதவின் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம் என்று மீஸ் சொன்னதாக ஒரு கதை வழங்கிவருகிறது. கதை மெய்யோ பொய்யோ, கடைசியில் ஒரு தனி அலமாரி செய்யப்பட்டது. கண்ணாடிக்கு நடுவே துணி எங்கே மாற்றுவது, குப்பையை எங்கே வைப்பது என்று கேட்பது ரசனைக் குறைவு அல்ல. அன்றாடம் ஒரு வீட்டை நடத்துகிறவரின் அறிவு அது. அந்த அறிவு வடிவமைப்பின் பகுதி என்று கட்டடக்கலை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

இது மீஸ் ஒருவரோடு நிற்கும் குணமும் அல்ல. பாரிஸுக்கு வெளியே புவாசியில் 1931இல் லெ கொர்புசியே கட்டி முடித்த சவோய் மாளிகையும் பாடநூல்களில் தவறாமல் வருகிறது. மழை பெய்தால் கூடத்திலும் சாய்தளத்திலும் ஒழுகுகிறது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியவர் அந்த வீட்டின் அம்மையார் யூஜெனி சவோய். வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்ற நிலைக்கு அந்தக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. போர் வந்து குடும்பம் வெளியேறியதால் அந்தத் தகராறு கோர்ட்டுக்குப் போகவில்லை. அங்கேயும் வெள்ளைச் சுவரும் ஒல்லித் தூண்களும் வரலாறாயின. ஒழுகல் வேடிக்கைத் துணுக்காயிற்று.

‘வீட்டுக்காரர்’ என்றால் நம் பேச்சில் வீட்டின் உடைமையாளர் என்றும் பொருள், கணவர் என்றும் பொருள். ‘வீட்டுக்காரி’ என்றாலோ மனைவி. தன் பணத்தில், தன் பெயரில், தனியாளாக வீடு கட்டும் பெண்ணைக் குறிக்க மொழியே கொஞ்சம் தடுமாறுகிறது. எடித்தை எழுதியவர்களின் தடுமாற்றமும் இதுதான். பணம் கொடுத்து வேலை வாங்குபவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பார்க்கத் தெரியாதபோது, அவரை நிறைவேறாத மனைவியாக்கிவிடுவது எளிதாகிறது.

1998இல் ஆலிஸ் ஃப்ரீட்மன், நவீன வீடுகளை உருவாக்கியதில் பெண்களின் பங்கைப் பற்றி எழுதிய நூல் இந்தப் பார்வையை அசைத்தது. எடித்தைப் போலவே தனியாக நின்று வீடு கட்டச் சொன்ன பல பெண்களை அது வரிசையாக நிறுத்தியது. அவர்கள் கலைஞர்களைச் சும்மா தேடிப்போகவில்லை. பழைய குடும்ப வீடு தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாததால் புதிய வீட்டைக் கற்பனை செய்யக்கூடிய கலைஞரைத் தேடினார்கள் என்பது அந்த நூலின் வலுவான வாதம். அப்படிப் பார்த்தால் எடித் அந்த வீட்டின் பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, காரணகர்த்தாவும்கூட. அவர் துணிந்திராவிட்டால் அது வெறும் மாதிரியாகவே நின்றிருக்கும்.

சண்டை போட்ட அந்த வீட்டில் அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வார இறுதிகளைக் கழித்தார். மீஸ் வடிவமைத்த இருக்கைகளை வைக்காமல் தனக்குப் பிடித்த இருக்கைகளைப் போட்டுக்கொண்டார். முன் திண்ணைக்குப் பூச்சி வலை அடித்தார். 1954இல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. 1972இல் பீட்டர் பலம்போ என்ற பிரிட்டிஷ் செல்வந்தருக்கு வீட்டை விற்றுவிட்டு, இத்தாலியில் குடியேறினார். கவிஞர் மொந்தாலேயின் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர். 1977இல் காலமானார். பலம்போ பூச்சி வலையை எடுத்தார், மீஸின் இருக்கைகளைக் கொண்டுவந்தார், குளிர்சாதனம் பொருத்தினார். அந்த வீட்டில் வெயில் தாங்க முடியவில்லை என்று பெண் சொன்னபோது அது முறையீடு. அதே வெயிலுக்கு ஆண் இயந்திரம் வைத்தபோது அது பராமரிப்பு. 1996இல் ஆறு மறுபடி பெருகிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. தண்ணீருக்கு இந்தக் கதைகள் எதுவும் தெரியாது.

2003இல் ஏலத்துக்கு வந்தபோது பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அமைப்புகள் சுமார் 75 லட்சம் டாலருக்கு வீட்டை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. 2021இல் அதற்கு ‘எடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்’ என்று முழுப் பெயர் சூட்டப்பட்டது. அதுவரை வெறும் ‘ஃபார்ன்ஸ்வொர்த்’ என்ற குடும்பப் பெயருக்குள் அவர் மறைந்து கிடந்தார். பெயர் மாற்றம் வரவேற்க வேண்டியதுதான், ஆனால் பெயரோடு நின்றுவிட்டால் போதாது. கட்டடக்கலை மாணவர்கள் இந்த வீட்டின் தளப்படத்தை வரையும்போது அதன் பக்கத்திலேயே பில்களையும் வைத்துப் படிக்க வேண்டும். எழுதப்படாத ஒப்பந்தம், ஒருவரே மூன்று வேலை பார்த்த ஏற்பாடு, 40,000 எப்படி 73,872 ஆனது என்ற கணக்கு, திறக்காத கண்ணாடியின் விலையை யார் எத்தனை கோடைகள் சுமந்தார்கள் என்ற கேள்வி, எல்லாம் அந்தத் தளப்படத்தின் பகுதிதான். இன்று கடன் வாங்கித் தன் பெயரில் வீடு கட்டும் பெண், மேஸ்திரியிடமோ எஞ்சினியரிடமோ ‘இந்த பில் ஏன் கூடியது?’ என்று கேட்டால், ‘வீட்டில் ஆம்பளை யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்’ என்று பதில் வருகிறது. அவளுக்கு எடித்தின் காதல் கதையால் எந்தப் பயனும் இல்லை. எடித்தின் கணக்குப் புத்தகத்தால் உண்டு.