பொற்கலமும் சிறுகோலும்

பெயர்சூட்டு விழாவில் பிள்ளைக்கு வெள்ளிக் கிண்ணம் அளிப்பது நம்மிடையே நிலைத்துவிட்ட வழக்கம். ஸ்ரீ கெம்பாங்கானில் அண்மையில் நான் சென்றிருந்த ஓர் இல்லத்தில், பரிசாக வந்த கிண்ணம் கண்ணாடிப் பேழைக்குள் இருக்க, பிள்ளை நெகிழிக் கிண்ணத்தில் உண்டுகொண்டிருந்தது. நற்றிணையின் 110ஆம் பாட்டை நாம் வகுப்பில் நடத்தும் முறையும் இதனை ஒத்ததே. போதனார் பாடிய அப்பாட்டில், தேன் கலந்த பால் பொற்கலத்தில் வருகிறது. 'பொன்' என்றதும் தந்தையின் செல்வச் செழிப்பை விளக்கிவிட்டு, கலத்தைப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

புலவர் கூறியது அவ்வளவுதானா? அக்கலத்தை ஏந்தியது ஒரு கை என்றும் அவர் கூறுகிறார். கோலை ஓங்க மறுகை வேண்டுமன்றோ! நரைத்த கூந்தலையுடைய செவிலியர் 'உண்' என மிரட்ட, சிறுமி பந்தலுக்கு ஓடுகிறாள், துரத்தியோர் தளர்கின்றனர். பொன்னை மட்டும் பார்ப்பவர்க்கு இவ்வோட்டம் புலப்படாது.

பிள்ளைக்கு ஊட்டுவோர்க்கு இரு கையும் கலத்திற்கென வாய்ப்பதில்லை. நம் பாலாடைக்கு மூக்கு அமைந்தது இதற்கு ஏற்றதே. மடியில் கிடக்கும் மகவை ஒரு கை தாங்க, மறுகை சாய்த்துப் புகட்டும். மேனாட்டார் 'பாரிஞ்சர்' என்னும் சிறு கிண்ணத்திற்குத் தட்டையான காது வைத்தனர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கஞ்சியும் கூழும் உண்ணப் பயன்பட்ட அக்கலத்தைப் பாஸ்டன் நகரின் பால் ரிவீர் போன்ற தட்டார்கள் வெள்ளியில் செய்தனர். வெள்ளீயக் கலவையிலும் அது வார்க்கப்பட்டது. இன்று அதுவும் பெரும்பாலும் பிள்ளைப் பரிசாகவே எஞ்சியுள்ளது. (வெள்ளீயம் நமக்கு அயலானதன்று. 1885இல் கோலாலம்பூரில் வேர்கொண்ட 'ராயல் சிலாங்கூர்' அதில் குழந்தைப் பரிசுகள் செய்கிறது. நம் ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே.)

கலமும் கோலும் சேர்ந்து வரும் மற்றோர் இடம் பெரியபுராணம். சீகாழியில் தாம் உண்ட பொற்கிண்ணத்து அடிசிலையும் தந்தையின் சினத்தையும் சம்பந்தர் தம் திருக்கழுமலப் பதிகத்திலேயே குறிக்கிறார். அத்தந்தையின் கையில் சேக்கிழார் ஒரு சிறுகோலையும் கொடுக்கிறார். நற்றிணையில் உண்ண மறுத்தமைக்குக் கோல் ஓங்குகிறது. சீகாழியில் உண்டமைக்கு ஓங்குகிறது! 'யார் அளித்தார்?' என்பதே சிவபாத இருதயரின் வினா. அங்கும் பொன்னின் மாற்றை எவரும் உரைத்துப் பார்க்கவில்லை.

நற்றிணைச் சிறுமியின் பிற்பகுதிக்கு வருவோம். கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தையின் கொழுஞ்சோற்றை அவள் நினைப்பதுமில்லை. ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். இவ்வறிவை எங்குக் கற்றாள் எனத் தாய் வியக்கிறாள். மாணாக்கர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: இப்பகுதியில் கலம் பேசப்படவே இல்லை. அன்று பாலை மறுத்தவள் இன்று பொழுதை மறுக்கிறாள். கோல் ஓங்குவார்தாம் அங்கில்லை.