தோடியின் காந்தாரம்

ஆதார ஷட்ஜமத்திலிருந்து மேல் ஷட்ஜமம் வரையுள்ள இடைவெளியாகிய ஸ்தாயியைக் கருநாடக இசை பன்னிரண்டு சுவரஸ்தானங்களாகப் பகுத்து, ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மாறாதவையாக நிறுத்தி, ஏனைய ஐந்து சுவரங்களின் பேதங்களால் தாய் இராகங்களாகிய 72 மேளகர்த்தாக்களை அமைத்திருக்கிறது. அவற்றுள் எட்டாவதான தோடிக்குச் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் ஆகியவை உரியன. ஆனால் இந்தப் பட்டியலை வரிசையாக ஒலித்துவிட்டால் தோடி வந்துவிடாது; இதே ஸ்தானங்களில் அமைந்த இந்துஸ்தானி பைரவி முற்றிலும் வேறொரு இராகமாகவே கேட்கிறது.

வேறுபாட்டை உண்டாக்குவதில் கமகத்தின் பங்கு பெரிது. சுவரத்தை அசைத்தும் வழுக்கியும் அழுத்தியும் இசைக்கும் முறைகளுக்குக் கமகம் என்பது பொதுப்பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் அவற்றைப் பதினைந்தாக வகுத்தார். அவற்றுள் அசைவாகிய கம்பிதத்தின் பேரழகைத் தோடியின் காந்தாரத்தில் கேட்கலாம். பாடகர் அச்சுவரத்தைப் பிடிக்கையில் குரல் சுத்த ரிஷபத்தின் அருகிலிருந்து எழும்பி, மத்திமத்தைத் தொட்டு, மீண்டும் இறங்கி, மறுபடி எழுகிறது. ஏட்டில் காந்தாரத்துக்குக் குறித்த இடத்தில் அது தங்குவதே அரிது என்றாலும், செவி அந்த ஊசலாட்டம் முழுவதையும் ஒரே காந்தாரமாக ஏற்றுக்கொள்கிறது. விளம்ப காலத்தில் இவ்வசைவு அகன்று விரியும். துரித காலத்தில் ஒரு சிறு துடிப்பாகச் சுருங்கும்.

வீணையில் இதனை மெட்டின் மேல் விரலை ஊன்றித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பெறுகின்றனர். நாகசுரத்திலோ மூச்சும் சீவாளியில் உதட்டின் பிடியும் துளைகளைப் பாதி மூடித் திறக்கும் விரல்களும் ஒன்றுகூட வேண்டும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இன்றளவும் புகழப்படுவதற்கு அவர் இக்கருவியில் அடைந்த இந்த ஆளுமையே முதற்காரணம் எனலாம். கட்டையை அழுத்தினால் ஒரே ஒலி எழும் ஆர்மோனியத்துக்கு இவ்வழி இல்லை. 1940இல் அகில இந்திய வானொலி அக்கருவியை விலக்கியபோது கூறப்பட்ட குறைகளில் இதுவும் ஒன்று.

1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ கமகங்களுக்குத் தனிக்குறியீடுகள் அளித்தது பெரும் பணி. ஆயினும் அசைவின் அகலத்தையும் வேகத்தையும் முழுமையாகக் குறிக்க எந்தக் குறியீட்டாலும் இயலாது. ஆகவே தோடியைக் கற்க விழைவோர் புத்தகத்தைத் திறக்குமுன் நல்ல பாடாந்தரமுள்ள ஆசிரியரிடம் அக்காந்தாரத்தைப் பலமுறை காதால் வாங்கிக்கொள்ள வேண்டும்.