ஏழைகளின் ஸ்போர்ட்ஸ் கார்

ஃபெராரி, போர்ஷே எல்லாம் சினிமாவில் பார்ப்பதோடு சரி. நம்மூரில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் யமஹா ஆர்.எக்ஸ். 100தான். 1985ல் வந்து, 1996ல் நின்றுபோன 98 சிசி டூ ஸ்ட்ரோக் பைக். கம்மாபுரத்து இளைஞர் ஒருவர், விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்கு தினம் போய்வர ஒன்று வாங்கலாமா என்கிறார். அம்மாவின் வளையல் அடகுக்குத் தயார்.

சுமார் 100 கிலோ எடைக்கு 11 குதிரைச் சக்தி. முறுக்கினால் இன்றைக்கும் சிலிர்க்கும். ஆனால் பிரேக் இரண்டும் டிரம். மழையில் லாரிக்குப் பின்னால் சிலிர்ப்பது வேறு மாதிரி.

வாங்கியே தீருவேன் என்றால், மீட்டரை நம்பாதீர்கள். கேபிளைக் கழற்றினால் கிலோமீட்டர் நின்றுவிடும். விடியற்காலை, சொல்லாமல் போய் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? கிராங்க் சீல் போய், கியர் ஆயிலைக் குடிக்கிறதோ என்னவோ. எத்தனை தடவை போர் பண்ணியது, 15 வருஷம் தாண்டிய ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

எல்லாம் தேறினாலும் அது ஞாயிற்றுக்கிழமை வண்டிதான். ஷிஃப்டுக்கு நேரமாகும்போது மெக்கானிக்கைத் தேடுகிறவனுக்கு அந்தச் சத்தம் இனிக்காது. தம்பி, வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும்.