வெள்ளாளன்விளை தந்த பேராயர்

நாம் ஆயர் என்று அழைப்பவரைச் சீர்திருத்த சபையினர் பேராயர் என்பர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவைக் குறித்து சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் எழுதி, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மகாத்மாவின் நிழலில்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலை, மங்கலம்பேட்டையில் இத்தவக்காலத்தில் வாசித்து முடித்தோம். நம் இல்லங்களில் அசரியாவின் பெயர் அதிகம் ஒலித்ததில்லை. தூத்துக்குடியின் ஆயர் ரோச் ஆண்டகை 1923-இல் இக்காலத்தில் இலத்தீன் வழிபாட்டுமுறையின் முதல் இந்திய ஆயரானதைப் பெருமையோடு நினைவுகூரும் நாம், அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்பே அதே தென்சீமையின் மைந்தர் ஒருவர் ஆயர் நிலை பெற்றதை அறியாதிருந்தோம்.

1874-இல் வெள்ளாளன்விளையில் ஊர்ப் போதகரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே நற்செய்திப் பணி நடத்துவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1909-இல் அவரே நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குப் பணியாளராகச் சென்றார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாப் பேராலயத்தில் அருட்பொழிவு பெற்றார்.

இவற்றினும் மேலாக நம்மை நிறுத்தி வைத்தது 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அவர் ஆற்றிய உரை. கூடியிருந்தோரில் பெரும்பாலோர் மேலைநாட்டினர். தமக்கு வாழ்வளித்த அச்சபையினரின் முன்னிலையிலேயே, அவர்களது ஈகத்தையும் உழைப்பையும் மனமாரப் போற்றிவிட்டு, ஒரு குறையையும் அஞ்சாது எடுத்துரைத்தார். கொடுக்கும் கை மேலேயும் வாங்கும் கை கீழேயுமாக இருக்கும்வரை அது நட்பாகாது என்பதே அவர் உரையின் சாரம். தூய பவுல் கொரிந்தியருக்கு அன்பைப் பற்றி எழுதியதையே அளவுகோலாகக் கொண்டு, இந்தியருக்கு வேண்டியவர்கள் புரவலர்கள் அல்லர், நண்பர்களே என்றார். அவையில் சலசலப்பு எழுந்ததாம். எழாதிருந்தால்தான் வியப்பு!

நூலின் தலைப்பு நமக்கு உடன்பாடன்று. காந்தியடிகளுக்கும் பேராயருக்கும் மதமாற்றம் குறித்து ஆழ்ந்த வேறுபாடு இருந்தது மெய்யே. ஒடுக்கப்பட்டோர் தம் சமயத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றவரும் அவரே. அத்தகையவரை மற்றொருவரின் நிழலில் நிறுத்துவானேன்? அவருடைய வெளிச்சம் தோர்ணக்கல்லின் சிற்றூர்களில் இருந்தது. அங்கே திருமுழுக்குப் பெற்ற ஏழை உழவர்கள் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தி அறிவிக்காவிடில் தமக்குக் கேடு என்ற பவுலடியாரின் சொல்லைத் தம் சொல்லாகக் கூறுமாறு செய்தார் அவர். நேற்றுவரை எவரும் செவிகொடாதவரின் வாயில் திருத்தூதரின் சொல்!

ஆசிரியர் புகழ்மாலை பாடவில்லை என்பது நூலின் சிறப்பு. மாலா, மாதிகா மக்களிடையே இருந்த பிளவு திருமண்டலத்துக்குள்ளும் நீடித்ததை அவர் மறைக்கவில்லை. எடின்பரோவில் நட்பைக் கேட்டவரின் சொந்த மந்தையிலேயே நட்பு எளிதில் விளையவில்லை. இவ்விடத்தில் பேராயரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை.

குருமட நாட்களில் விடுமுறைப் பணிக்காக ஒரு பங்கிற்குச் சென்றிருந்தோம். திருவிழா விருந்தில் குருக்களும் நாங்களும் மேசையில் அமர்ந்தோம். முப்பதாண்டுகள் அப்பங்கில் மறைக்கல்வி கற்பித்த உபதேசியாருக்குப் பின்திண்ணையில் இலை போட்டார்கள். அன்று நாம் எழுந்துபோய் அவரருகே அமரவில்லை.