எஃகுக் கவசத்தின் மெருகும் துருவும்

ஐரோப்பிய வீரர்கள் அணிந்த தட்டுக் கவசம் வெறும் கரிம எஃகு. எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் குரோமியம் அதில் இல்லை. மழையும் பனியும் போதாதென்று அணிந்தவனின் வியர்வையும் அதன்மேல் படியும். தீமையில் முதலிடம் வியர்வைக்குத்தான். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகின்மேலேயே தக்கவைக்கும். மெருகேற்றிய மார்புத் தகட்டை வெறுங்கையால் தொட்டு அப்படியே விட்டால், சில நாளில் விரல் ரேகை பழுப்பு நிறத்தில் எழும்பி நிற்கும்.

இதற்குப் பழைய ஆயுதச்சாலைகள் கண்ட வழி தேய்ப்பது. வளையக் கவசத்தை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டினார்கள். தட்டுக் கவசத்துக்கு மணல், செங்கல் பொடி, எமரித் தூள். தேய்த்து முடித்ததும் எண்ணெயோ கொழுப்போ பூச்சு. போர் நடக்கும் காலத்துக்கு இந்த வழக்கம் பொருத்தமானதே. வழுவழுப்பான பரப்பில் ஈரமும் அழுக்கும் தங்கக் குழிகள் குறைவு. துரு தலைகாட்டியதும் கண்ணில் படும். குறை, ஓயாத உழைப்பு. அதனால்தான் சாதாரணக் காலாட்களுக்குச் சுத்தியல் தடம் மாறாத, கறுப்புப் பூச்சுள்ள மலிவுக் கவசங்கள் செய்யப்பட்டன. 1640களில் கட்டப்பட்ட ஆஸ்திரியாவின் கிராட்ஸ் ஆயுதச்சாலையில் அப்படிப்பட்டவற்றை இன்றும் பார்க்கலாம். அழகில் பின்தங்கினாலும் பராமரிப்பில் அவையே கெட்டிக்காரத்தனமான தீர்வு.

போர் ஓய்ந்து கவசம் காட்சிப்பொருளான பிறகும் தேய்ப்பு ஓயவில்லை. கேடு அங்கேதான் தொடங்கியது. லண்டன் கோபுரத்தில் 1660க்குப் பின் அமைந்த 'அரசர் வரிசை' போன்ற காட்சிகளில், பார்வையாளர் கண்ணுக்கு எல்லாம் பளபளக்க வேண்டியிருந்தது. ஆனால் உயர்ந்த கவசங்கள் பலவும் பிறக்கும்போது வெள்ளை எஃகாக இருக்கவில்லை. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் எஃகின்மேல் நீல நிற ஆக்சைடு படலம் உண்டாகும். அந்த நீலத்தின்மேல் பொன் முலாம் ஓடும். படலமோ கண்ணால் தடிமன் காண முடியாத அளவு மெல்லியது. செங்கல் பொடிக்கு முன் அது எத்தனை நாள் தாங்கும்? நீலம் போயிற்று, முலாம் தேய்ந்தது, அமிலத்தால் அரித்து வரைந்த சித்திரங்களின் விளிம்பு மழுங்கியது, கொல்லர் முத்திரை மங்கியது. திரைப்படங்களில் வீரர்கள் எல்லோரும் வெள்ளிபோல் மின்னுவதற்கு இந்தத் தேய்ப்பும் ஒரு காரணம். துரு செய்த சேதத்தைவிடத் துருவை விரட்டியவர்கள் செய்த சேதம் சில கவசங்களில் பெரிது என்றால் மிகையில்லை.

இப்போதைய முறைகளும் குறையற்றவை அல்ல. மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் தேய்ப்பது மென்மையானது என்பார்கள், அதுவும் உராய்வுதான். எண்ணெய்ப் பூச்சு தூசியைப் பிடிக்கும், தூசி ஈரத்தைப் பிடிக்கும். தோல் வாரில் ஊறினால் வார் கெடும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து மஞ்சளாக இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான நுண்படிக மெழுகு இவற்றைவிட மேல்: ஒட்டாது, நிறம் மாறாது, வேண்டும்போது கரைத்து எடுக்கலாம். ஆனால் மெழுகு மூடுமே தவிரத் தூய்மைப்படுத்தாது. கைரேகையின் உப்பை நீக்காமல் பூசினால் துரு அதன் அடியிலேயே வளரும். உள்ளே கம்பி வைத்துச் சுருட்டிய விளிம்புகளும் வாருக்கு அடிப்பகுதியும் எந்தப் பூச்சுக்கும் எளிதில் எட்டாத இடங்கள்.

ஆகவே அருங்காட்சியகங்களில் பூச்சைவிடக் காற்றுக்கே முதலிடம். சார்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தூய எஃகில் துரு ஏறுவது அரிது. 65ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் கவசம் எஃகு மட்டுமல்ல. அதன் தோல் வார்களும் துணி உள்ளுறையும் மிக வறண்ட காற்றில் உலர்ந்து வெடிக்கும். உலோகத்துக்கும் தோலுக்கும் இடையே ஓர் அளவில் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

போர்க்காட்சிகளை நடித்துக்காட்டுவோரின் புதுக் கவசத்துக்கு இந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தா. அடிபட்டு, மழையில் நனையும் அந்தத் தகட்டை அன்றன்றே துடைத்து, தேய்த்து, எண்ணெய் பூசுவதே சரி; அதில் இழக்கப் பழம்பரப்பு எதுவும் இல்லை. பழங்கவசத்திலோ எல்லாத் துருவையும் எடுக்கக் கூடாது. கெட்டியாக, கரும்பழுப்பாக அசையாமல் கிடப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். தகட்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்து, சில வாரத்தில் அதில் ஆரஞ்சு நிறப் பொடி புதிதாக உதிர்ந்திருந்தால் மட்டுமே, அந்த இடத்தில் மட்டும், கை வைப்பது நியாயம்.