செயலியில் ஜப்பானியம்: தமிழ்க் காதால் கேட்பது எப்படி?

கைப்பேசிச் செயலியில் ஜப்பானியம் பயில்பவர் முதலில் சந்திப்பது ஹிராகனா என்னும் 46 அடிப்படை எழுத்துகளை. அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று நகர்கிறது. தமிழ் நெடுங்கணக்கின் போக்கும் இதுவே. வடமொழி ஒலிமுறையைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போன வரிசை அது. ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ நிற்பதற்கும் காரணம் உண்டு: பழங்காலத்தில் அந்த வரிசை ப என்றே ஒலித்தது. கடைசி எழுத்து ன் என்பதில் தமிழோடு ஒத்துப்போவது மட்டும் தற்செயல். எழுத்துகளைச் செயலி கலைத்துப்போட்டுக் காட்டினாலும், ஒருமுறை இந்த வரிசையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது ஒலி. ஒபஸன் என்றால் அத்தை, சித்தி போன்ற உறவு. ஒபாஸன் என்றால் பாட்டி. கிதெ என்றால் 'வா'. கித்தெ என்றால் அஞ்சல்தலை. ஆங்கிலம் மட்டும் பழகிய காது இந்த இடங்களில் தடுமாறும். 'படு', 'பாடு', 'பட்டு' மூன்றையும் பிரித்தறியும் காதுக்குக் குறிலும் நெடிலும் இரட்டித்த ஒற்றும் புதிதல்ல. ஆகவே கேட்டு எழுதும் பயிற்சிகளைத் தாண்டிப் போகக் கூடாது. தமிழர்க்கு மிகுந்த இன்பம் தருவது அதுதான்.

வாக்கியம் அமைக்கும் பகுதியில் செயலி சொற்களைச் சிறு கட்டங்களாகச் சிதறவிட்டுக் காட்டும். 'அஷித தோக்யோ நி இகிமஸு' என்பதைக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம்: நாளை, டோக்கியோ, உக்கு, போகிறேன். எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. 'நான்' என்ற சொல் இரண்டிலும் இல்லை, தேவையும் இல்லை. ஈற்றில் 'கா' சேர்த்தால், தமிழில் 'ஆ' சேர்ப்பதுபோல, கேள்வியாகிவிடும். 2012-இல் பொதுமக்களுக்கு வந்த டியோலிங்கோ 2017-இல் ஜப்பானியப் பாடத்தைச் சேர்த்தது. அதுபோன்ற செயலிகளில் ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிக்கும் தமிழர்கள் உண்டு. ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சிரமப்படுவதைவிட, மனத்துக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு கட்டங்களைத் தொடுவது எளிது.

ரசனையின் உச்சம் வினைச்சொற்களில் இருக்கிறது. 'தபெதெ மிமஸு' என்றால் 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. தபெதெ சாப்பிட்டு, மிமஸு பார்க்கிறேன். ருசி பார்ப்பதற்குக் கண்ணின் வினையை இரண்டு மொழிகளும் கடன் வாங்குகின்றன. 'மொத்தெ கிமஸு' கொண்டு வருகிறேன். 'மொத்தெ இகிமஸு' கொண்டு போகிறேன். வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் சொல்வது 'இத்தெ கிமஸு'. ஆங்கிலப் பொருளுரையில் அது வெறும் விடைபெறும் சொல். தமிழில் அது சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்'. 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிக் கிளம்பாத பழக்கம் இரண்டு நாட்டு வாசல்களிலும் இருப்பதைச் செயலி சுட்டிக்காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பயில்பவரே கண்டுகொள்ள வேண்டும்.

இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று இதைக் கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வேறுபாடுகளும் கொஞ்சநஞ்சமல்ல. போகிறேன், போகிறாய், போகிறார் எல்லாவற்றுக்கும் இகிமஸு ஒன்றே. 'வா' (wa), 'கா' (ga, கேள்விக்கு வரும் 'கா' அல்ல) என்னும் இடைச்சொற்களின் நுட்பத்துக்குத் தமிழில் நேர் இணை இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த கான்ஜி எழுத்துகள் மட்டும் 2,136. மரத்தைக் குறிக்கும் எழுத்து இரண்டு சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு என்பதுபோன்ற அழகுகள் தொடக்கத்தில் கைகொடுக்கும். பிறகு நினைவாற்றலைத்தான் நம்ப வேண்டும்.

நேற்றுப் படித்த சொல்லைச் செயலி இன்று கேட்பதும், நான்கு நாள் கழித்து மறுபடி கேட்பதும் இதற்காகத்தான். கற்றது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதினார். மறக்கும் தறுவாயில் மீண்டும் கேட்டால் சொல் நிலைக்கும். இந்த முறையில் இயங்கும் அங்கி என்ற செயலி 2006-இல் வந்தது. அதன் பெயரே மனப்பாடம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். தவறவிட்ட சொல் திரும்ப வந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். மறந்துபோகவிருந்த சொல் அது. நாள்தவறாமல் படித்த எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காக இரவு 11.55-க்குத் தெரிந்த பாடத்தையே தட்டிவிட்டுத் தூங்குவது மட்டும் வீண்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை 5 படிகள் கொண்டது, சென்னையிலும் நடக்கிறது. வாசிப்பும் கேட்டறிதலும் அதில் உண்டு, பேச்சு இல்லை. செயலியின் பலமும் குறையும் ஏறக்குறைய அவைதான். பேச்சு வருவதற்கு எதிரில் ஒரு மனிதர் வேண்டும். படித்த அன்றே வீட்டு வாசலில் நின்று 'இத்தெ கிமஸு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உள்ளிருப்பவர் சொல்ல வேண்டிய பதில் 'இத்தெரஷ்ஷை': போய் வாருங்கள்.